சானடோரியம் ஸ்டேஷன்

1

தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஆறு வருடம், வாரத்தில் ஐந்து நாள், பீச்சிலிருந்து வரும் லோக்கலில் அங்கே இறங்கி மெப்ஸ் வளாகத்துக்குள் வேலைக்குப் போயிருக்கிறேன். ‘சானடோரியம்’ என்றால் என்னவென்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. குரோம்பேட்டை மாதிரி, பல்லாவரம் மாதிரி அதுவும் ஒரு ஊர்ப்பெயர், அவ்வளவுதான்.

முப்பத்திரண்டாவது வயதில் கழுத்தில் நெறி கட்டியது. வலி இல்லை. மாலையானால் லேசான காய்ச்சல். பல்லில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. நுரையீரலில் இல்லை, கழுத்தின் நிணநீர்க் கணுவில். “இது அடுத்தவங்களுக்குப் பரவாது, ஆறு மாசம் மாத்திரை, சரியாப் போயிடும்” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு என் தட்டும் டம்ளரும் மட்டும் சமையலறையில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அடுத்த வாரம் ரயிலிலிருந்து இறங்கும்போதுதான் அந்த மஞ்சள் போர்டை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். சானடோரியம் என்பது காசநோயாளிகளை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தங்கவைக்கும் இடம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கே ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளியின் பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் சில ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்றைய டாக்டர்கள் காசநோய் என்று நினைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். வைத்தியம் என்றால் ஓய்வு, சத்தான சாப்பாடு, திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று. அவ்வளவுதான் இருந்தது.

சேத்துப்பட்டு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராமானுஜன் இறந்து 36 வருடம் கழித்து அதே பகுதியில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. உலகத்தில் இருந்த சானடோரியங்களை மூடவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

புதிய மருந்து எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று கேட்டால் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, நள்ளிரவு, “கண்டுபிடித்துவிட்டேன்!” காசநோய்க் கதையிலும் அப்படி ஓர் இரவு உண்டு. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. மருந்தும் சீக்கிரம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1890-ல் கோக்கே ‘டியூபர்குலின்’ என்ற ஒன்றை மருந்தாக அறிவித்தார். நோயாளிகள் ரயிலேறி பெர்லினுக்கு ஓடினார்கள். அது வேலை செய்யவில்லை. கிருமியைக் கண்டுபிடித்ததற்கும் அதைக் கொல்லும் முதல் நல்ல மருந்துக்கும் நடுவே 60 வருடத்துக்கு மேல் போனது. காரணம் தெரிவது வேறு, மருந்து கிடைப்பது வேறு.

1943. அமெரிக்காவில் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராயும் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகம். அங்கே ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர். அவர்கள் செய்த வேலையின் தர்க்கம் எளிமையானது. ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இடத்துக்கும் உணவுக்கும் அடித்துக்கொள்கின்றன. அவற்றில் சில, பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்ல வேதிப்பொருள் சுரக்கும். ஆகவே மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடு, வளர், அதன் பக்கத்தில் நோய்க்கிருமியை விடு, எது சாகிறது என்று பார். சாகவில்லையா, அடுத்தது. இதில் மேதைமையைவிடப் பொறுமைக்குத்தான் வேலை அதிகம். நாம் இன்று ‘ஸ்கிரீனிங்’ என்று சொல்வது இதைத்தான்.

காசநோய்க் கிருமியோடு விளையாட யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் ஷாட்ஸ் வேலை செய்தது கட்டடத்தின் அடித்தளத்தில். எரு போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது ஒன்று என, ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு நுண்ணுயிர்கள் அவரிடம் சிக்கின. அவை சுரந்த பொருள்தான் ஸ்ட்ரெப்டோமைசின். மேயோ கிளினிக்கில் வில்லியம் ஃபெல்ட்மனும் கார்வின் ஹின்ஷாவும் அதைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பின்வாங்கியது. பிறகு மனிதர்கள்.

1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அதற்கு முன்பே, தன் பங்கு மறைக்கப்பட்டதாக ஷாட்ஸ் வழக்குப் போட்டு, தானும் கண்டுபிடிப்பாளர்தான் என்பதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். பரிசுக் குழுவுக்கு அது போதவில்லை. சினிமாவாக எடுத்தால் கதை இங்கே முடிந்துவிடும். மருந்து கிடைத்தது, பெயர் யாருக்கு என்பதில் சண்டை, திரை. ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

3

1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இறந்தார். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுத புனே போன இடத்தில் நோய் முற்றியது. வயது 42. காசநோய்.

சரியாக நான்கு மாதம் கழித்து, 1948 அக்டோபர் 30 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செய்த சோதனை அது. மருத்துவ வரலாற்றில் மிக முக்கியமான கட்டுரைகளில் ஒன்று.

அதன் பின்னால் இருந்த புள்ளியியல் மூளை ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். முதல் உலகப்போரில் விமானியாகப் போய், காசநோயோடு திரும்பி, ஏறக்குறைய இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அதோடு போயிற்று. படுக்கையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்து, புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் முன் இருந்த சிக்கல் இது. காசநோய் சில பேருக்குத் தானாகவே அடங்கும். ஒரு டாக்டர் புது மருந்தைத் தனக்குப் பிடித்த, தேறுவார் என்று தோன்றும் நோயாளிகளுக்குக் கொடுத்தால், அவர்கள் பிழைத்தது மருந்தாலா, டாக்டர் ஆள் பார்த்துக் கொடுத்ததாலா? பிரிக்கவே முடியாது. ஆகவே யாருக்கு மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். ஒட்டிய உறைகளுக்குள் சீட்டு. நோயாளி சோதனைக்குத் தகுதியானவர் என்று ஏற்ற பிறகே உறையைப் பிரிக்க வேண்டும்.

கேட்கும்போது கொடூரமாக இருக்கிறது அல்லவா? சாகக் கிடப்பவனுக்குச் சீட்டுக் குலுக்கலா? ஆனால் போர் முடிந்து பிரிட்டனிடம் டாலர் இல்லை. அமெரிக்காவிலிருந்து வாங்க முடிந்த மருந்து எல்லோருக்கும் போதாது. எப்படியும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கப் போவதில்லை என்னும்போது, இருக்கிற கொஞ்சத்தை வைத்துத் தெளிவான பதிலையாவது பெறுவோம் என்பது ஹில்லின் வாதம்.

107 பேர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். மருந்து வேலை செய்கிறது.

இங்கேயும் திரை விழலாம். ஆனால் இவர்கள் ஐந்து வருடம் கழித்தும் கணக்குப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 35 பேர். ஆறாவது மாதத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது.

ஏன்? கிருமி பழகிவிட்டது. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரின் உடம்பில் கோடிக்கணக்கில் காசநோய்க் கிருமிகள் இருக்கும். அதில் தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று, பிறவியிலேயே அந்த மருந்துக்கு மசியாததாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மற்றவற்றைக் கொன்று மசியாததற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. முதலில் நோயாளி தேறுகிறார், எடை கூடுகிறது, வீட்டார் சாமிக்கு நேர்ந்துகொள்கிறார்கள். பிறகு மிச்சமிருந்தவை பெருகுகின்றன. இம்முறை அந்த மருந்துக்கு வேலையில்லை.

கணிதப்படி வழி ஒன்று உண்டு. இரண்டு வெவ்வேறு மருந்துகளை ஒரே நேரத்தில் கொடுத்தால், இரண்டுக்குமே மசியாத கிருமி பத்து லட்சம் பெருக்கல் பத்து லட்சத்தில் ஒன்றுதான். அவ்வளவு கிருமிகள் ஒரு உடம்பில் இருக்காது. நல்லவேளையாக இரண்டாவது மருந்தும் அதே சமயத்தில் ஸ்வீடனில் தயாராகியிருந்தது. ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருளைக் கொடுத்தால் காசநோய்க் கிருமி அதிகமாகச் சுவாசிக்கிறது என்று முன்பே ஒருவர் கவனித்திருந்தார். யோர்கன் லேமன் அதைப் படித்துவிட்டு, அந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றினால் கிருமி அதைத் தின்று ஏமாறும் என்று ஊகித்தார். அப்படி வந்தது பி.ஏ.எஸ். ஸ்ட்ரெப்டோமைசினோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது, கிருமி பழகுவது பெருமளவு குறைந்தது.

மூன்றாவது மருந்தின் கதை இன்னும் விநோதம். 1952-ல் மூன்று மருந்து நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஐசோனியாசிட் என்ற பொருளைக் கண்டுபிடித்தன. மாத்திரையாக விழுங்கலாம், வீரியம் அதிகம். நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில், பிழைக்க மாட்டார்கள் என்று கைவிட்ட நோயாளிகள் வார்டிலேயே நடனமாடிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பேட்டன்ட் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்த மூலக்கூறை 1912-லேயே பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்ற இருவர் செய்து பார்த்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள். அது எதற்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது வருடம், இரண்டு உலகப்போர்கள், லட்சக்கணக்கான சாவுகள். மருந்து அலமாரியில் கிடந்தது.

மூலக்கூறுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாததால் ஐசோனியாசிட் மலிவாகக் கிடைத்தது. இந்தியா போன்ற நாட்டுக்கு அந்த ஒரு விஷயம்தான் முக்கியம்.

4

1950-களின் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலும் சேர்த்து இருந்த படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எத்தனை கட்டடம் கட்டினாலும் ஈடுகட்ட முடியாத இடைவெளி. மருந்து வந்துவிட்டது, சரி. ஆனால் அன்றைய மருத்துவ உலகம் மருந்தைச் சானடோரியத்துக்குள் வைத்துத்தான் கற்பனை செய்தது. ஓய்வும் சத்துணவும் நல்ல காற்றும் கண்காணிப்பும் இல்லாமல் மாத்திரை மட்டும் என்ன செய்யும்? அதோடு, நோயாளியை வீட்டிலேயே விட்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டாதா? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தூங்கும் வீடுகளில்?

இந்தக் கேள்விகளுக்கு ஆளாளுக்குக் கருத்து இருந்தது. தரவு இல்லை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். ஹில்லின் முறையில் ஊறியவர்கள் இவர்கள். இந்தத் தடவை குலுக்கல் மருந்துக்கு அல்ல. மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான்: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். சீட்டு முடிவு செய்தது இடத்தை. உறையைப் பிரித்தால் ‘வீடு’ அல்லது ‘சானடோரியம்’.

சோதனையில் சேர்ந்த 193 பேரும் சென்னையின் ஏழை மக்கள். நெரிசலான வீடுகள், போதாத சாப்பாடு. ஒருவிதத்தில் வீட்டுச் சிகிச்சை தோற்றுப்போக வேண்டிய எல்லாக் காரணங்களும் அங்கே இருந்தன. சானடோரியம் போனவர்களுக்குக் கட்டில், ஓய்வு, பால், முட்டை, நர்ஸ். வீட்டில் இருந்தவர்களில் பலர் கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போய்விட்டார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

1959-ல் முடிவுகள் வெளியாகின. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் கிருமி ஒழிந்ததில் அந்த வித்தியாசம் பெரிதாகப் பிரதிபலிக்கவில்லை. குணமாக்கியது மருந்து. கட்டிலும் காற்றும் அல்ல.

இரண்டாவது கேள்விக்கான பதில் இன்னும் முக்கியம். இரண்டு தரப்பு நோயாளிகளின் குடும்பங்களையும் ஐந்து வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை எடுத்தவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. வீட்டாருக்கான ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபிறகு நோயாளியை நாடுகடத்துவதால் வீட்டுக்கு லாபமில்லை.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அம்மா கவிழ்த்து வைத்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. 1959-ல், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், இந்த ஊர் ஏழைகளின் உடம்பில் நிரூபிக்கப்பட்ட ஒன்று எங்கள் சமையலறைக்கு வந்து சேர அறுபது வருடம் போதவில்லை.

மென்பொருள்காரர்கள் மத்தியில் ஒரு பழைய நக்கல் உண்டு. ப்ரோகிராம் வாடிக்கையாளரிடம் போய்ப் படுத்துவிட்டால், எழுதியவன் அப்பாவியாகச் சொல்வான்: “என் லேப்டாப்புல ஓடுதே சார்.” லண்டன் வார்டில் ஓடிய மருந்து சென்னையின் குடிசையில் ஓடுமா என்று கேட்டுப் பார்த்தவர்கள் சேத்துப்பட்டுக்காரர்கள். இதைக் கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வதில்லை. புதிய மூலக்கூறு எதுவும் இல்லையே! ஆனால் கைக்கு எட்டாத மருந்தைக் கோடிப் பேருக்கு எட்டவைத்தது அந்தக் குலுக்கல்தான்.

5

இங்கே என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும்.

சோதனையின்போது மருந்தைவிடப் பெரிய ஒரு தலைவலியை சேத்துப்பட்டு மையம் கண்டுகொண்டது. மனிதர்கள் மாத்திரை விழுங்குவதில்லை. பி.ஏ.எஸ். கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. இரண்டு மூன்று மாதத்தில் காய்ச்சல் நின்று, இருமல் நின்று, உடம்பு தேறிவிடுகிறது. நன்றாக இருக்கும் உடம்பு, குமட்டும் மருந்து, இன்னும் ஒன்பது மாதம். யார்தான் விழுங்குவார்கள்?

நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொன்ன சிலரின் சிறுநீர் வேறு கதை சொன்னது. வாங்கிய மருந்தை விழுங்காமல் விடுவது எவ்வளவு சகஜம் என்று 1958-லேயே ஃபாக்ஸ் எழுதினார்.

எனக்கு மூன்றாவது மாதம். கழுத்துக் கட்டி கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. ஆபீஸில் ரிலீஸ் நேரம், ராத்திரி பகலாக வேலை. வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை போட்டால் மதியம் வரை குமட்டல். ஒருநாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள். மொத்தம் பதினோரு நாள். இத்தனைக்கும் இரண்டு மருந்துக் கணக்கை உங்களுக்கு இவ்வளவு வியாக்கியானமாகச் சொல்லத் தெரிந்தவன் நான்.

மாத்திரை அட்டை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருநாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா தம்பி?”

“போடுறேன்க்கா.”

“யூரின் என்ன கலர்ல போகுது?”

கேள்வியின் பொருள் எனக்குத் தெரியும். நான் விழுங்க வேண்டிய மாத்திரையில் ரிஃபாம்பிசின் உண்டு. உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணி முடித்திருந்தார். திட்டவில்லை. “சாப்ட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். அம்மாவைக் கூப்பிட்டு ரெண்டு இட்லி வைக்கச் சொன்னார். “சாப்ட்டுட்டுப் போடுங்க. நான் உக்காந்திருக்கேன்.” உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்த காபியை எங்கள் வீட்டு டம்ளரில் குடித்தார். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்தார் டாக்டர். அடுத்த இரண்டு வாரம் அக்கா தினமும் காலையில் போன் செய்தார். அம்மா என் டம்ளரைத் தனியாக வைப்பதை எந்த நாளில் நிறுத்தினாள் என்று சரியாகத் தெரியாது. அந்த இரண்டு வாரத்துக்குள்தான்.

ஒருவர் முன்னால் உட்கார்ந்து மாத்திரை விழுங்கவைப்பதும் சென்னையில் வளர்ந்த முறைதான். நோயாளியைத் திருத்த முடியாது, ஆகவே சிகிச்சையைத் திருத்துவோம் என்று அவர்கள் யோசித்தார்கள். தினமும் ஆள் பார்க்க முடியாதென்றால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மருந்து கொடுத்தால் என்ன? அதையும் சோதித்தார்கள். வாரம் இருமுறை, ஊழியர் முன்னிலையில் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசினும் கூடுதல் அளவு ஐசோனியாசிட்டும், தினசரி வீட்டில் தானே விழுங்கும் மாத்திரைகளுக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று 1964-ல் காட்டினார்கள். முப்பது வருடம் கழித்து, 1990-களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் கொண்டுபோன திட்டத்துக்கு இதுவும் ஒரு வேர்.

6

மீதிக் கதை வேகமானது. பிரெஞ்சுக் கடற்கரையின் பைன் காட்டு மண்ணிலிருந்து மிலன் நகர லெபடிட் நிறுவனம் 1957-ல் ஒரு பொருளைப் பிரித்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ‘ரிஃபிஃபி’ என்ற திருட்டுப் படத்தின் பெயரில் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். அதை வேதியியலில் செதுக்கிச் செதுக்கி 1960-களில் வந்தது ரிஃபாம்பிசின். என் சிறுநீரைக் காட்டிக்கொடுக்க இருந்தது அதுதான். பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில், ஹாங்காங்கில், சென்னையில் என்று அடுக்கடுக்காகச் சோதனைகள். ஒன்றரை வருடச் சிகிச்சை ஆறு மாதமானது. பல நாடுகளில் சானடோரியங்கள் காலியாகின. சில ஓட்டல்களாயின, சில பொது மருத்துவமனைகளாயின. எங்கள் ஊரில் ஒரு ரயில் ஸ்டேஷனுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. தாம்பரத்தில் இருந்தது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

பிறகு ஏன் 2023-ல்கூட உலகில் சுமார் 12.5 லட்சம் பேர் காசநோயால் இறந்தார்கள்? உலக நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏன் இந்தியர்?

ஒரு காரணம், சேத்துப்பட்டுச் சோதனையில் மலிவான பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘வீட்டிலேயே குணமாகும்’ என்பதை எடுத்துக்கொண்டோம். அந்த வீடுகளுக்கு வாராவாரம் மருந்து இலவசமாகக் கிடைத்தது, ஆள் வந்து விசாரித்தது, வராதவரைத் தேடிப்போனது, குடும்பம் முழுவதையும் ஐந்து வருடம் பரிசோதித்தது, இதெல்லாம் செலவு பிடிக்கும் மறுபாதி. சோதனையில் ஜெயித்தது வீடு மட்டுமல்ல, அந்த வீட்டின் கதவைத் தட்டிய ஆளும்தான்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே தவறு நடந்தது. 1959 முடிவைப் பார்த்தவர்கள், மருந்து இருந்தால் சத்துணவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். சோதனை கேட்ட கேள்வி அதுவல்ல. குறைந்த சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. பட்டினிக் குடும்பத்தில் அடுத்த ஆளுக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுப் பார்க்க அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் ஜார்க்கண்டில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. அதில் சேத்துப்பட்டின் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதலாக அரிசி, பருப்பு மாதிரியான உணவுப் பொருட்களைக் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்த மூலக்கூறும் கண்டுபிடிக்கப்படவில்லை. அரிசியும் பருப்பும்தான்.

மருந்துக்குப் பழகிய கிருமி இப்போது உலகெங்கும் இருக்கிறது. அதற்கு எதிராக 2012 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின், நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து வந்த முதல் புது வகைக் காசநோய் மருந்து. அதன் நிறுவனம் இந்தியாவில் பேட்டன்டை மேலும் சில வருடம் நீட்டிக்க விண்ணப்பித்தது. அதை எதிர்த்து மனுப் போட்டவர்களில் இருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேஸா டிஸிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சையின் பக்கவிளைவில் இருவருமே கேட்கும் திறனை இழந்தவர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பத்து ஊசிகள் காதைப் பாதிக்கும் என்பது 1940-களிலிருந்தே தெரிந்த விஷயம். நல்ல மாற்று, வாங்கக்கூடிய விலையில் இல்லாததால் அவை இத்தனை காலம் தொடர்ந்தன. 2023 மார்ச்சில் இந்தியப் பேட்டன்ட் அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவு விலை தயாரிப்புக்கு வழி திறந்தது. பெடாகுவிலினைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் இந்த இரண்டு பெண்களும் இருக்க மாட்டார்கள். ஷாட்ஸே நீண்ட காலம் சரியாக இல்லை.

என் ஆறு மாதமும் பதினோரு நாளும் முடிந்தன. வேலை மாறிவிட்டேன், இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. போன மாதம் செங்கல்பட்டிலிருந்து வரும்போது ரயில் அந்த ஸ்டேஷனில் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்களும் பெண்களும் கும்பலாக ஏறினார்கள். அந்தக் கும்பலில் யாரோ ஒருவர் இன்று காலை நான்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார். ஷாட்ஸும் லேமனும் ஹில்லும் ஃபாக்ஸும் அந்தக் கைவரைதான் வர முடியும். அதற்குப் பிறகு, சாப்ட்டீங்களா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.